தகரக் கூரை, பட்டா, பெயர்: ருவாண்டாப் பெண்களுக்குப் போன வெளிநாட்டு உதவி

1994 ஏப்ரல் 7 முதல் ஜூலை நடுப்பகுதி வரை ஏறத்தாழ நூறு நாள் ருவாண்டாவில் நடந்தது இனப்படுகொலை. கொல்லப்பட்டவர்கள் எட்டு லட்சம் என்பது ஐ.நா. வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பத்து லட்சத்துக்கும் மேல் என்கிறது ருவாண்டா அரசு. பெரும்பாலோர் சிறுபான்மை இனமான டுட்சிகள். கொன்றவர்கள் பெரும்பான்மை இனமான ஹுட்டுகளின் தீவிரவாதிகள். டுட்சிகளோடு படுகொலையை எதிர்த்த ஹுட்டுகளும் கொல்லப்பட்டார்கள். ஜூலை 4 அன்று டுட்சிகள் தலைமையிலான கிளர்ச்சிப் படையான ருவாண்டா தேசபக்த முன்னணி தலைநகர் கிகாலியைப் பிடித்தது. ஏறக்குறைய இருபது லட்சம் பேர் எல்லை தாண்டி, அன்றைய ஸயீர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு), தான்சானியா ஆகிய நாடுகளின் முகாம்களுக்குப் போய்விட்டார்கள். வங்கிகள் காலி, நீதிமன்றங்கள் காலி, அரசு அலுவலகங்களில் மேசை நாற்காலிகூட இல்லை.

அந்த நாட்டுக்கு அடுத்த இருபது ஆண்டுகளில் பெண்களின் பெயரில் வந்து சேர்ந்த வெளிநாட்டு உதவிதான் இங்கே நாம் பார்க்கப் போவது. உலகில் அதிகம் பேசப்படும் 'வெற்றிக் கதை' இது. உதவி அமைப்புகளின் மாநாட்டில் யாராவது எழுந்து 'போருக்குப் பிந்தைய நாடுகளில் பெண்கள்' என்று ஆரம்பித்தால், மூன்றாவது வாக்கியத்தில் ருவாண்டாவின் நாடாளுமன்றம் வந்துவிடும். நாடாளுமன்றத்துக்கு நான் பிறகு வருகிறேன். என் கவனம் வீட்டின் மேலும் நிலத்தின் மேலும்தான். உதவிப் பணம் எங்கே நின்றது, எங்கே நழுவியது என்பது அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் ஒரு எண்ணைத் தள்ளி வைத்துவிடலாம். படுகொலைக்குப் பிறகு மக்கள்தொகையில் 70 சதவீதம் பெண்கள் என்று பல அறிக்கைகளில் வரும். கேட்கும்போதே சந்தேகம் வர வேண்டிய எண் அது. 2002 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண்கள் 52 சதவீதத்தைச் சற்றே தாண்டினார்கள், அவ்வளவுதான். ஆனால் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்கு ஒரு பெண்தான் தலைவி என்பது நம்பத்தக்க கணக்கு. அதுவே போதுமான அளவு பெரிய செய்தி. கணவன் கொல்லப்பட்டவர்கள் அதில் ஒரு பகுதி. கணவன் கொலைக் குற்றச்சாட்டில் சிறையில் இருந்தவர்கள் இன்னொரு பகுதி. 90களின் இறுதியில் சிறைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு வீட்டிலிருந்துதான் போக வேண்டும். தலையில் கூடையோடு பல மைல் நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருவது மனைவிகளின் வேலை. அந்த நாளில் வயல் வேலை கிடையாது.

சட்டப்படி அவள் யார்

உதவி வருவதற்கு முன் ருவாண்டாப் பெண் சட்டத்தின் முன் எங்கே நின்றாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் பிறகு நடந்தது எதுவும் புரியாது.

ஊர் வழக்கப்படி நிலம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். மகன் கல்யாணம் செய்து தனிக்குடித்தனம் போகும்போது தகப்பன் பிரித்துக் கொடுக்கும் பங்குக்கு உமுனானி என்று பெயர். மகளுக்கு அது கிடையாது. வாழாவெட்டியாகத் திரும்பி வரும் மகளுக்கு, தகப்பன் மனமிரங்கினால் ஒரு சிறு துண்டு பயிரிடக் கொடுப்பதுண்டு. அதுவும் உரிமை ஆகாது, அண்ணன் தம்பி பொறுத்துக்கொள்ளும் வரைதான். விதவைக்கு ஆண் பிள்ளை இருந்தால் அவன் வளரும் வரை நிலத்தை வைத்திருக்கலாம். பிள்ளை இல்லையென்றால் கணவனின் சகோதரர்கள் வந்து கேட்பார்கள், நிலத்தை மட்டுமல்ல, சில வேளை அவளையும். இதற்கு மேல் எழுத்துச் சட்டமும் சேர்ந்துகொண்டது. கணவனின் சம்மதம் இல்லாமல் மனைவி வியாபாரம் தொடங்குவதற்கும் வங்கிக் கணக்கு வைப்பதற்கும் அது குறுக்கே நின்றது.

இப்போது 1994-க்குப் பிந்தைய நிலையை இதன் மேல் வைத்துப் பாருங்கள். கணவன் இல்லை, மாமனார் இல்லை, சகோதரர்கள் இல்லை. எஞ்சியவள் ஒருத்தி. அவளிடம் நாலு பிள்ளைகள், அவற்றில் இரண்டு யாரோ பெற்றவை. அவள் உழும் நிலம் யாருடையது என்று கேட்டால் சட்டத்திடமும் பதில் இல்லை, வழக்கத்திடமும் இல்லை. அப்படியே உயிர் பிழைத்த ஒரு மச்சினன் முகாமிலிருந்து திரும்பி வந்தால் பதில் உடனே கிடைத்துவிடும். அவனுடையது.

முதல் பணம் கூரைக்குப் போனது

1996 நவம்பரில் ஸயீரிலிருந்து சில வாரங்களில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி நடந்து வந்தார்கள். அடுத்த மாதம் தான்சானியாவிலிருந்தும் லட்சக்கணக்கானோர். அதற்கு முன்பே 1959 முதல் வெளியேறி உகாண்டாவிலும் புருண்டியிலும் வாழ்ந்த பழைய டுட்சி அகதிகளின் குடும்பங்கள் வந்து காலி வீடுகளில் குடியேறியிருந்தன. ஒரே வீட்டுக்கு இரண்டு குடும்பம், ஒரே தோட்டத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள். வீடு கட்டுவதுதான் அவசரம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஐ.நா. அகதிகள் ஆணையம் 90களின் பிற்பாதியில் ஒரு லட்சத்துக்கு நெருக்கமான வீடுகளைக் கட்டவோ பழுது பார்க்கவோ உதவியது. அதோடு பெண்களுக்கென்றே தனி நிதி வந்தது. போஸ்னியாவில் 1996-ல் தொடங்கிய பெண்கள் நிதியை மாதிரியாக வைத்து அகதிகள் ஆணையம் 1997-ல் ருவாண்டாவிலும் ஒன்றைத் தொடங்கியது. (பிறகு 1999-ல் கொசோவோவுக்கும் அதே அச்சு.) அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட், போரிலிருந்து மீளும் நாடுகளுக்கென்று வைத்திருந்த தன் தனிப் பிரிவின் வழியாக இன்னொரு திட்டத்தை நடத்தியது. கிராமத்துப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து விண்ணப்பம் போட வேண்டும். பணம் பெண்கள் விவகார அமைச்சகத்தின் வழியாக நேரே அந்தச் சங்கத்துக்குப் போகும். கூரைத் தகரம், கதவு, ஜன்னல் வாங்கலாம். ஆடு மாடு, விதை, மண்வெட்டி, சின்ன வியாபாரத்துக்கு முதல் என்றும் கேட்கலாம்.

எனக்கு இந்த அமைப்பில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வெளிநாட்டு ஒப்பந்தக்காரர் நடுவில் உட்கார்ந்து பாதியைச் செலவுக் கணக்கில் எழுதும் வழி அங்கே குறைவாக இருந்தது. அமைச்சகத்தில் இருந்தவர்கள் சில பேர்தான். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஊழியர்களைத் தேடிப் பிடிப்பதே பாடு. ஆனாலும் பணம் அந்த வழியாகப் போனதால் அமைச்சகத்துக்குக் கிராமம் தெரிய ஆரம்பித்தது. அன்றைய அமைச்சர் அலோய்சியா இன்யும்பா, பதவியேற்றபோது முப்பது வயது தாண்டாதவர், தேசபக்த முன்னணியின் நிதிப் பொறுப்பைப் பார்த்துவிட்டு வந்தவர். பெற்றோர் இல்லாத பிள்ளைகளை அநாதை இல்லங்களில் குவிக்காமல் குடும்பங்களிடம் சேர்க்க வேண்டும் என்று பிரசாரம் நடத்தியவர். காசு எண்ணத் தெரிந்த அமைச்சர் என்று சொல்லலாம். அவர் 2012-ல் இறந்தார்.

இதே அமைச்சக நாற்காலியில் அவருக்கு முன் இருந்தவர் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாலின் நியிராமசுஹுகோ. படுகொலை நடந்தபோது குடும்ப நல, பெண்கள் மேம்பாட்டு அமைச்சர். புட்டாரே பகுதியில் கொலைகளிலும் பெண்கள் மீதான பாலியல் வன்முறையிலும் அவருக்கு இருந்த பங்குக்காக தான்சானியாவின் அருஷா நகரில் ஐ.நா. அமைத்த சர்வதேசத் தீர்ப்பாயம் 2011-ல் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் 47 ஆண்டுகளாகக் குறைந்தது. இனப்படுகொலைக் குற்றத்துக்குச் சர்வதேச நீதிமன்றம் ஒன்றால் தண்டிக்கப்பட்ட முதல் பெண் அவர். 'பெண்களிடம் அதிகாரம் கொடுத்தால் அமைதி தானாக வரும்' என்று உதவி அமைப்புகளின் துண்டறிக்கைகள் எழுதும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருவார்.

சரி, கூரைக்கு வருவோம். ருவாண்டா வழக்கில் பெண் வீடு கட்டக் கூடாது, கூரை மேல் ஏறக் கூடாது, மாட்டில் பால் கறக்கக் கூடாது. ஆண்கள் இல்லாத ஊரில் இதை எப்படிக் காப்பாற்றுவது? பெண்கள் செங்கல் அறுத்தார்கள், சுவர் எழுப்பினார்கள், ஏணி வைத்து ஏறித் தகரம் அடித்தார்கள். உதவித் திட்டம் இதைக் கற்றுக்கொடுத்தது என்று அறிக்கைகள் எழுதிக்கொண்டன. உண்மையில் நெருக்கடி ஏற்கெனவே அவர்களை ஏற வைத்திருந்தது. தகரம் வாங்கக் காசு இல்லாமல் சுவரோடு நின்றிருந்த வீடுகளுக்கு உதவி மேல்பாதியைக் கொடுத்தது.

சங்கங்களும் அப்படித்தான். ருவாண்டாவில் கூட்டுச் சேமிப்புக்கு இபிமினா என்று நெடுநாள் பழக்கம் உண்டு. வாரா வாரம் காசு போட்டு முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள், நம் ஊர்ச் சீட்டு மாதிரியே. விதவைகள் சேர்ந்து அழுவதற்கும், ஒருவர் வயலை இன்னொருவர் களை எடுப்பதற்கும் கூடிய கூட்டங்கள் உதவி வருவதற்கு முன்பே இருந்தன. ஐம்பது விதவைகள் 1995 ஜனவரியில் தொடங்கிய அவேகா அமைப்பு அப்படிப் பிறந்ததுதான். இன்னும் பழையது, 13 பெண்கள் அமைப்புகள் 1992-லேயே சேர்ந்து உருவாக்கிய ப்ரோ-ஃபாம் ட்வெசெ ஹாம்வே என்ற கூட்டமைப்பு. இந்தியத் தூதராக இருந்த மதன்ஜீத் சிங் பெயரில் யுனெஸ்கோ ஏற்படுத்திய சகிப்புத்தன்மைப் பரிசை 1996-ல் முதன்முதலில் பெற்றது இந்தக் கூட்டமைப்புதான்.

ஒரு சங்கத்தில் கொல்லப்பட்டவனின் மனைவியும் கொன்றதாகச் சிறையில் இருப்பவனின் மனைவியும் சேர்ந்திருக்க வேண்டும் என்று உதவி கொடுத்தவர்கள் விரும்பினார்கள். சில ஊர்களில் அது நடந்தது. தகரத்துக்காகச் சேர்ந்தார்களா, மனசு ஆறிச் சேர்ந்தார்களா என்று வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர்கள் நிறையக் கவலைப்பட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே கொஞ்சம் அதிகப்படி. பக்கத்து வயலில் அவளோடு தினமும் வேலை செய்தாக வேண்டும். தகரம் ஒரு காரணமாக அமைந்தால் நல்லதுதானே.

ஆடு, தையல் மெஷின், சோப்புத் தயாரிப்பு, கூடை பின்னுவது என்ற மற்ற திட்டங்களை வேகமாகக் கடந்துவிடலாம். பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஒரு சங்கத்துக்கு இரண்டு தையல் மெஷின் கொடுத்தால் ஆளுக்கு என்ன வருமானம் வரும் என்பதை யாரும் காகிதத்தில் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆடும் மாடும் பரவாயில்லை, சாணம் வயலுக்குப் போனது.

மறந்துபோன நோயாளிகள்

இடையில் ஒன்று சொல்லாமல் போக முடியாது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் ரெனே டெக்னி-செகி 1996-ல் கணித்தபடி, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் 2,50,000 முதல் 5,00,000 வரை. 1998 செப்டம்பர் 2 அன்று டாபா ஊரின் மேயராக இருந்த ஜான்-பால் அகயேசு மீதான வழக்கில், பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் ஒரு செயலாக முடியும் என்று அருஷா தீர்ப்பாயம் சொன்னது. உலகச் சட்ட வரலாற்றில் முதல் முறை. அதற்குச் சாட்சி சொன்னவர்கள் கிராமத்துப் பெண்கள்.

அவர்களில் பலருக்கு எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. அருஷாவில் தீர்ப்பாயத்தின் காவலில் இருந்த குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு ஐ.நா. செலவில் மருந்து கிடைத்தது. எதிர்ப்பக்கத்தில் சாட்சி சொல்லிவிட்டு ஊர் திரும்பிய பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. காவலில் இருப்பவனுக்கு வைத்தியம் செய்ய வேண்டியது சிறை நடத்துபவரின் கடமை, சாட்சிக்கு அப்படி ஒரு விதி இல்லை என்று விளக்கம் சொன்னார்கள். விதிப்படி சரிதான். அவேகா போன்ற அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கத்தின. 2000களின் நடுப்பகுதியில்தான் பிரிட்டன் அரசின் உதவியிலும், எய்ட்ஸ் ஒழிப்புக்கென்று வந்த பெரிய சர்வதேச நிதிகளிலும் மருந்து வந்து சேர்ந்தது. பத்தாண்டு தாமதம். அதற்குள் இறந்தவர்களின் வீட்டுக் கூரை மட்டும் திட்ட அறிக்கைகளில் 'முடிந்த பணி' என்று நின்றது.

வீடு கட்டினார்கள், மனை யாருடையது?

1996 டிசம்பரில் அரசு இமிடுகுடு என்ற குடியிருப்புக் கொள்கையை அறிவித்தது. ருவாண்டாக்காரர்கள் மலைச்சரிவில் அவரவர் தோட்டத்து நடுவே தனித்தனியாகக் குடியிருப்பவர்கள். இனி எல்லாரும் சேர்ந்து ஒரே இடத்தில் வரிசை வீடுகளில் இருக்க வேண்டும் என்றது கொள்கை. வெளிநாட்டு உதவியில் கட்டிய வீடுகளில் பெரும்பகுதி இந்த வரிசைகளில்தான் எழுந்தது. நல்லாயிருந்த பழைய வீட்டை இடித்துவிட்டு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்திய இடங்களும் உண்டு என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2001-ல் விரிவாக எழுதியது. பணம் கொடுத்த நாடுகள் வீட்டின் எண்ணிக்கையைப் பார்த்தன, அந்த வீட்டுக்கு அவள் எப்படி வந்தாள் என்று கேட்கவில்லை.

தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவளுக்கு வயல் தூரமானால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதைவிட ஆழமான கோளாறு வேறு. மனையை ஒதுக்கியது உள்ளூர் அதிகாரி. சுவரை எழுப்பியது அவள். தகரம் அமெரிக்கப் பணம். மூன்றையும் சேர்த்து 'இது உன்னுடையது' என்று சொல்லும் காகிதம் எங்குமே இல்லை. வயலுக்கும் இல்லை. கணவனின் தம்பி வந்து கேட்டால் நிறுத்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் நடத்திவிட்டுக் கிளம்பும் ஒரு அவசர உதவித் திட்டத்தால் இதைத் தீர்க்க முடியாது. அது தீர்க்கவும் முயலவில்லை.

ஆனால் அதன் வழியாக வேறொன்று நடந்தது. சங்கங்கள் ஒவ்வொன்றும் நிலத் தகராறோடு வந்து நின்றன. வீட்டுக்கு உதவி கேட்டு வந்தவள், வயலைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அழுதாள். அமைச்சகத்துக்குத் திரும்பத் திரும்பப் போனது இந்த ஒரே புகார். 1991 முதல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சட்ட உதவி செய்துவந்த ஹகுருகா அமைப்பின் மேசையிலும் அதுதான் குவிந்தது. 1996-ல் எல்லாக் கட்சிப் பெண் உறுப்பினர்களும் சேர்ந்து அமைத்த நாடாளுமன்றப் பெண்கள் மன்றம் இதைக் கையில் எடுத்தது. ஊர் ஊராகக் கூட்டம் நடத்தவும், சட்டம் எழுதத் தெரிந்தவர்களை அமர்த்தவும் வெளிநாட்டுப் பணம் உதவியது. மொத்த உதவியோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு. அந்தச் சில்லறைக் காசைத்தான் நான் இந்த இருபது ஆண்டுக் கணக்கில் மிகச் சரியாகச் செலவான பணம் என்பேன்.

1999 நவம்பர் 12 தேதியிட்ட 22/99 எண் சட்டம் வந்தது. பெற்றோர் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. கல்யாணத்தின்போதே சொத்து எப்படி வைத்துக்கொள்வது என்று தம்பதி தேர்ந்தெடுக்க வேண்டும், ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாமே இருவருக்கும் பொது. மகளுக்கும் உமுனானி கேட்க வழி பிறந்தது. சுலபமாக வந்துவிடவில்லை. கல்யாணமாகிப் போன மகள் பிறந்த வீட்டில் ஒரு பங்கு, புகுந்த வீட்டில் ஒரு பங்கு என்று இரண்டு பக்கமும் வாங்குவாளா என்று ஆண்கள் கேட்டார்கள். நாட்டில் ஒரு குடும்பத்தின் நிலம் சராசரியாக ஒரு ஹெக்டேருக்கும் குறைவு, பாதிப் பேருக்கு அதிலும் பாதி. இருப்பதே துணுக்கு, அதை எத்தனை பங்காகப் போடுவது என்ற பயத்தை வெறும் ஆணாதிக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது.

நாடாளுமன்றம்

2003 அரசமைப்புச் சட்டம் முடிவெடுக்கும் எல்லா இடங்களிலும் பெண்களுக்குக் குறைந்தது 30 சதவீதம் என்றது. கீழவையின் 80 இடங்களில் 24 பெண்களுக்கு ஒதுக்கீடு, அவர்களைப் பொதுமக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் 39 பெண்கள் வந்தார்கள், 48.8 சதவீதம். 2008-ல் 45 பேர். பெண்கள் பாதிக்கு மேல் இருந்த உலகின் முதல் நாடாளுமன்றம் அது. 2013-ல் 51 பேர், 63.8 சதவீதம்.

எண் உண்மைதான். அந்த அவை ஆளும் கட்சியை எதிர்த்து நின்றது அபூர்வம் என்பதும் உண்மை. தேசபக்த முன்னணியின் தலைவரும் அதிபருமான பால் ககாமேயின் ருவாண்டாவில் சுதந்திரமான பத்திரிகைக்கும் எதிர்க்கட்சிக்கும் இடம் குறுகிக்கொண்டே வந்த அதே ஆண்டுகளில் இந்த எண் ஏறியது. பெண்கள் அமைப்புகளின் தலைவிகள் பலர் அரசுப் பதவிக்குப் போனார்கள். அரசைக் கேள்வி கேட்கும் பழக்கம் அமைப்புகளில் குறைந்தது. உதவி கொடுத்த நாடுகளுக்கு இது தெரியும். நாடாளுமன்றத்தின் படம் அறிக்கை அட்டையில் நன்றாக இருந்தது, அதனால் அந்தப் பேச்சு அதிகம் எழவில்லை. பெண் உறுப்பினர்கள் தாமே முன்மொழிந்து 2008-ல் நிறைவேற்றிய பாலின வன்முறைத் தடுப்புச் சட்டம் மட்டும் நிஜமான சாதனை. அதற்குத் திரும்ப வருவேன்.

ஒரு கோடித் துண்டுகள்

சட்டத்தில் பங்கு உண்டு. எந்த நிலத்தில்? அளவு என்ன? எல்லை எங்கே? நாட்டில் நிலப் பதிவேடே கிடையாது என்கிறபோது 1999 சட்டம் காற்றில்தான் நின்றது. 2005-ல் நிலச் சட்டம் வந்தது. 2007-08ல் நாலு சிறு பகுதிகளில் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு 2013 வரை நாடு முழுவதும் நிலப் பதிவு நடந்தது. செலவில் பெரும் பங்கு பிரிட்டனின் சர்வதேச வளர்ச்சித் துறையுடையது. நெதர்லாந்து, ஸ்வீடன், ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவையும் சேர்ந்து கொடுத்தன. பெண்களுக்கான திட்டம் என்ற பெயரே இதற்குக் கிடையாது. ருவாண்டாப் பெண்களின் நிலையை வெளிநாட்டு உதவித் திட்டங்களில் அதிகம் மாற்றியது இதுதான் என்பது என் கணிப்பு.

வேலை செய்த விதம் எளிமையானது. வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பெரிய தாளில் அச்சிட்டார்கள். வரப்பு, வாழைத்தோப்பு, வேலி எல்லாம் படத்தில் தெரியும். ஊர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து அளவையாளர் ஆக்கினார்கள், விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஒரு குன்றின் மக்களை எல்லாம் ஒரே நாளில் வரச் சொல்லி, நிலத்தின் மேல் நடந்து, இது என்னுடையது, அந்த வரப்புக்கு அந்தப் பக்கம் அவருடையது என்று பக்கத்துக்காரர் முன்னிலையில் சொல்ல வைத்துப் படத்தில் பேனாவால் கோடு போட்டார்கள். தகராறு இருந்தால் அதையும் பதிந்துகொண்டார்கள். அப்புறம் பட்டியலை ஊரில் ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, திருத்தி, 99 ஆண்டுக் குத்தகைப் பத்திரம் கொடுத்தார்கள். நிலத்தின் மேலுரிமை அரசிடம், ஆனால் கையில் இருக்கும் காகிதம் நம் ஊர்ப் பட்டாவின் வேலையைச் செய்யும். ஒரு துண்டுக்கு ஆன செலவு ஏழு டாலருக்குள். வாங்கிக்கொள்ள மக்கள் கட்டியது துண்டுக்கு ஆயிரம் ருவாண்டா பிராங்க். மொத்தம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட துண்டுகள்.

படிவத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும், ஒவ்வொருவரின் பங்கு எத்தனை சதவீதம் என்பதும், அந்த நிலத்தில் உரிமை உள்ள பிள்ளைகளின் பெயரும் எழுத இடம் இருந்தது. கணவனும் மனைவியும் வயலில் நிற்க, ஐம்பது ஐம்பது என்று எழுதி, இருவரும் கையெழுத்து அல்லது கைநாட்டு வைத்தார்கள். முடிவில் நாட்டின் பட்டாக்களில் பாதிக்கு மேல் இருவர் பெயரிலும் கூட்டாக இருந்தன. பெண் பெயரில் மட்டும் இருந்தவையும் கணிசம், அவற்றில் விதவைகளுடையவை நிறைய. அவள் கையெழுத்து இல்லாமல் இனி விற்கவும் முடியாது, வங்கியில் அடகு வைக்கவும் முடியாது. சாராயக் கடையில் உட்கார்ந்து நிலத்தைப் பேசி முடித்துவிட்டு வரும் கணவனுக்கு இது பெரிய இடைஞ்சல்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. சோதனைப் பகுதிகளில் உலக வங்கியின் ஆய்வாளர்கள் செய்த ஆய்வில் இரண்டு முடிவுகள் வந்தன. சட்டப்படி பதிவுத் திருமணம் செய்த பெண்களின் நில உரிமை தெளிவாகக் கூடியது. பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்களுடையது குறைந்தது. அரசு ஏற்கும் கல்யாணம் பதிவாளர் முன் நடக்கும் ஒரே கல்யாணம்தான். தேவாலயத்தில் நடந்தது கணக்கில் வராது, ஊர் கூடிப் பெண் வீட்டுக்கு மாடு கொடுத்து நடந்ததும் வராது. ஏழைக் குடும்பங்களில் விருந்துச் செலவுக்குப் பயந்து பதிவைத் தள்ளிப் போட்டே இருபது ஆண்டு வாழ்ந்துவிடுவார்கள். இரண்டாம் மனைவி என்பவள் சட்டத்தின் கண்ணுக்கே தெரிய மாட்டாள். எழுதாத வழக்கம் இருந்தவரை, 'இவ்வளவு நாள் உழுதாளே' என்று ஊர்ப் பெரியவர்கள் அவளுக்கு ஒரு துண்டு வாங்கிக் கொடுக்க வாய்ப்பிருந்தது. எழுத்து வந்ததும் அந்த நெகிழ்வு போனது.

நாடு முழுவதும் தொடங்கும் முன் நடைமுறையைத் திருத்தினார்கள், சான்றிதழ் இல்லாதவள் பெயரையும் பதியலாம் என்று. ஆனால் அதற்கு அந்த ஆண் சம்மதிக்க வேண்டும். அவன் சம்மதிப்பவனாக இருந்தால் அவளுக்குப் பட்டாவே அவ்வளவு அவசரமில்லையே. 2008 பாலின வன்முறைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு இங்கே எதிர்பாராமல் கைகொடுத்தது. பல பெண்களோடு வாழ்ந்தவன் அவர்களில் ஒருத்தியை முறைப்படி மணக்கும் முன், மற்றவர்களோடு சேர்ந்து ஈட்டிய சொத்தைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்றது அது. சேர்ந்து வாழ்ந்து கைவிடப்பட்ட பெண்கள் இதைக் காட்டி வழக்குப் போட ஆரம்பித்தார்கள். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நாடாளுமன்றப் பெண்கள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அவர்களைப் பற்றி மேலே கொஞ்சம் கடுமையாகச் சொன்னேன், அதை மாற்றவில்லை, இதையும் சேர்த்துப் படிக்கவும்.

பட்டா கொடுத்த பிறகு

வெளிநாட்டுப் பணம் முதல் பதிவோடு மெல்ல விலகியது. பிறகு நடக்கும் விற்பனை, பாகம், வாரிசு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 30,000 பிராங்க் அளவில் கட்டணம் வைத்தது அரசு. முதல் பட்டாவுக்கு ஆயிரம் கட்டிய குடும்பம் இது. நிலத்தின் அளவு எவ்வளவாக இருந்தாலும் அதே தொகை. ஒரு சிறு துண்டை வாங்கும் ஏழைக்கு நிலத்தின் விலையில் கணிசமான பங்கு கட்டணமாகவே போனது. விளைவு எல்லாருக்கும் தெரிந்ததுதான், வெள்ளைத் தாளில் எழுதி ஊர்ச் சாட்சி வைத்து முடித்துக்கொண்டார்கள். அளவிலும் ஒரு சிக்கல். ஒரு ஹெக்டேருக்குக் குறைவான விவசாய நிலத்தைப் பிரித்துப் பதியக் கூடாது என்றது 2005 சட்டம். பெரும்பாலோர் நிலமே அதற்குக் குறைவு. ஆகவே அண்ணனும் தங்கையும் சட்டப்படி கூட்டாகத்தான் பதிய முடிந்தது. வரப்பு அவர்கள் கால் வைத்துப் போட்டுக்கொண்டதுதான்.

தகப்பன் இறந்து, மகள் தன் பங்கை உழுகிறாள், பதிவேட்டில் இன்னும் தகப்பன் பெயரே இருக்கிறது. மாற்றிக்கொள்ளத் தேவையான இறப்புச் சான்று, வாரிசுகள் எல்லாரின் கையெழுத்து, கட்டணம் மூன்றையும் திரட்ட அண்ணன் ஒத்துழைக்க வேண்டும். அவனுக்கு அவசரம் இல்லை. பதிவு முடிந்த சில ஆண்டுகளிலேயே, கிராமப்புறத்தில் நடக்கும் கைமாற்றங்களில் பெரும்பகுதி பதிவேட்டுக்கு வராமலே போவதை ஆய்வுகள் காட்டின. கட்டணத்தைக் குறைக்கவும், வாரிசு மாற்றத்துக்கு விலக்குத் தரவும் வேண்டும் என்று நில உரிமைக்காக வேலை செய்யும் உள்ளூர் அமைப்புகள் கேட்டுவந்தன. அதற்கான பணம் பெரிய தொகை இல்லை, ஒரு நடுத்தர அளவு பயிற்சித் திட்டத்தின் ஹோட்டல் பில் அளவுதான் இருக்கும். ஆனால் பழைய பதிவைப் புதுப்பித்துக் கொடுப்பதற்கு நிதி கேட்டு எழுதப்படும் விண்ணப்பத்தில், எத்தனை புதிய பெண்கள் பயனடைவார்கள் என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இருக்காது.